வெறுங்காலோடு பழனிக்கு நடக்கலாமா, டாக்டர்?

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 51. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்; காலையில் கடை திறந்தால் இரவு வரை நின்றபடிதான் வியாபாரம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை இரண்டு வேளை சாப்பிடுகிறார். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 8.1. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். பேத்தி நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். தெருக்காரர்களோடு கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகன், “வெறுங்காலெல்லாம் வேண்டாம்பா” என்று கணுக்கால் வரை மூடும் டிரெக்கிங் பூட்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கித் தந்திருக்கிறார். மைத்துனர், காட்டன் சாக்ஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்கிறார். கால் வீங்காமல் இருக்க இறுக்கமான சாக்ஸ்தான் நல்லது என்கிறார் நண்பர். பதினெட்டு வருடமாக நடக்கும் குருசாமியோ, “மொட்டை மாடியில் தினமும் வெறுங்காலோடு நடந்து பழகு, பாதம் காய்த்துவிடும், ஒன்றும் ஆகாது” என்று சொல்லியிருக்கிறார். அதன்படி நம் வாசகர் மாடியில் நடக்கவும் தொடங்கிவிட்டார்.

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார். “நாலைந்து வருடமாக இருந்த பாத எரிச்சல் இப்போது சுத்தமாகப் போய்விட்டது, அதனால் நரம்புப் பிரச்சினை சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்” என்பது ஒன்று. போன மாதம் மார்க்கெட்டில் ஒரு செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட, மனைவிதான் பார்த்துச் சொன்னாராம். இது மற்றொன்று.

ஐயா, பேத்திக்கு என் ஆசிகள். நீங்கள் கேட்டது பூட்ஸைப் பற்றியும் சாக்ஸைப் பற்றியும். நான் அந்தச் செருப்பிலிருந்து தொடங்குகிறேன்.

எரிச்சல் நின்றது நல்ல சேதி அல்ல

சர்க்கரை பாதத்து நரம்புகளைத் தாக்கும்போது முதலில் எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். சர்க்கரை கட்டுக்குள் வந்து எரிச்சல் தணிவதும் உண்டு. ஆனால் 8.1 என்ற அளவோடு, மருந்து எதையும் மாற்றாமல், எரிச்சல் தானாக மறைந்தால் நாங்கள் சந்தேகப்படுவது வேறொன்றை: எரிச்சலைச் சொல்லக்கூடிய நரம்பே மரத்துப் போயிருக்கலாம். கழன்ற செருப்பு அந்தச் சந்தேகத்தை இன்னும் கூட்டுகிறது. பாதம் மரத்தவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “நடக்கும்போது செருப்பு நழுவினால் தெரிகிறதா?” என்பதுதான்.

மரத்துப் போன பாதத்தில் என்ன நடக்கிறது என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படுகிற காயங்களே அவற்றைக் கரைக்கின்றன என்று காட்டினார். ஆணி குத்துவது, சுடுவது மட்டும் காயம் அல்ல. சாதாரண நடையின் அழுத்தமே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுந்தால் அங்கே தசை வெந்து, உள்ளிருந்து புண்ணாகும். வலி தெரிகிறவர் தன்னையறியாமல் நடையை மாற்றுவார், நொண்டுவார், எங்காவது உட்கார்ந்துவிடுவார். வலி தெரியாதவர் அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். சர்க்கரைப் பாதத்திலும் இதே கதைதான்.

மதுரையிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 அடி என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் அடிக்கு மேல் வருகிறது. அதாவது ஒவ்வொரு பாதமும் எழுபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் தரையை ஊன்றும். இதில் தார்ச்சாலையின் சூடு வேறு. தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள். விடியற்காலையில் பனி இருக்கும், பதினொரு மணி வெயிலில் காற்று 30 டிகிரியைத் தொடும்போதே தார் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். உங்கள் குழுவில் மற்றவர்கள் ஐயோ அம்மா என்று ஓரத்து மண்ணுக்கு ஓடுவார்கள். நீங்கள் தாரிலேயே நடந்துகொண்டிருப்பீர்கள். அதுதான் என் கவலை.

குருசாமி சொன்ன காய்ப்பு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆரோக்கியமான பாதம் வெறுங்கால் நடையில் மெல்ல உரம் ஏறும். ஆனால் மரத்த பாதத்தில் வியர்வையும் குறைந்துவிடும். தோல் உலர்ந்து, காய்ப்பு கட்டியாக இறுகி வெடிக்கும். அப்படி இறுகிய காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் போலத்தான். ஒவ்வொரு அடியிலும் அடியிலிருக்கும் தசையை அழுத்தும். மேலே தோல் முழுசாக இருக்கும், கீழே சீழ் கோத்திருக்கும். ஆகவே மாடி நடையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏற்கனவே காய்ப்பு ஏறியிருந்தால் பிளேடால் சீவ வேண்டாம், கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலத்துக்குக் காய்ப்பும் நல்ல தோலும் ஒன்றுதான்.

முடிவெடுக்கும் முன் ஒரு பரிசோதனை

வெறுங்காலா, செருப்பா, ஷூவா என்பதைக் குடும்பத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்ய முடியாது. பத்து நிமிடப் பரிசோதனை ஒன்று போதும். மானோஃபிலமென்ட் என்று தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கிறது. அது வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தினால் 10 கிராம் விசை விழும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். பிறகு இசைக்கவையால் அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது என்று பொருள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இதைச் செய்துகொள்ளலாம்.

உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால், நல்ல ஷூவோடு முழுத் தூரமும் நடக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. வெறுங்கால் மட்டும் வேண்டாம்.

உணர்வு குறைந்திருந்து, நாடி நன்றாக இருந்து, விரல் கோணலோ பழைய புண்ணோ இல்லையென்றால், உங்கள் பாதத்துக்கென்று செய்த காலணியோடு தூரத்தைக் குறைத்து நடக்கலாம். தினம் விடியற்காலை எட்டுப் பத்து கிலோமீட்டர், மீதிக்குக் குழுவின் சாமான் வண்டி. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சாமான் வண்டியில் ஏறாத பாதயாத்திரைக் குழு எங்கே இருக்கிறது!

உணர்வும் இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு, அல்லது முன்பு ஒரு தடவை புண் வந்து ஆறியிருக்கிறது என்றால், நடக்கவே வேண்டாம். பஸ்ஸில் போய் ரோப் காரில் ஏறி முருகனைப் பாருங்கள்.

வேண்டுதலை மாற்றலாமா என்பது என் துறை அல்ல. வீட்டுப் பெரியவர்களையும் அதே குருசாமியையும் கேளுங்கள். “சர்க்கரை இருக்கிறது, பாதம் மரத்திருக்கிறது” என்று சொன்னால், “செருப்பைப் போட்டுக்கொண்டு நட சாமி” என்று அவர்களே சொல்லிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குருசாமிக்கு நீங்கள் இந்த விவரத்தைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மகன் வாங்கித் தந்த பூட்ஸ்

நல்ல மனதோடு வாங்கியிருக்கிறார், ஆனால் அது வேறு வேலைக்கான பொருள். கணுக்கால் வரை மூடும் கனத்த பூட்ஸ், கல்லும் வேரும் சரிவும் உள்ள மலைப்பாதைக்கு. வாடிப்பட்டியிலும் ஒட்டன்சத்திரத்திலும் உங்களுக்குக் கிடைக்கப் போவது சமதளச் சாலை. திண்டுக்கல் - பழனி சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே ஓரமாகத் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே இந்த பூட்ஸ் கூடுதல் எடை, கூடுதல் சூடு. தண்ணீர் புகாத வகை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராத ஷூவில் உள் வியர்வையும் லேசில் வெளியே போகாது. திருப்பி அனுப்ப நாள் இருந்தால் அனுப்பிவிட்டு, மேல்பக்கம் வலைத்துணியாக இருக்கும் ஓட்டப்பயிற்சி ஷூவோ நடைப்பயிற்சி ஷூவோ வாங்குங்கள்.

அளவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான புண் இங்கேதான் தொடங்குகிறது. “எப்போதும் எட்டாம் நம்பர்தான், இதுவும் எட்டுதான், கச்சிதமாகப் பிடிக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதம் மரத்தவர்களுக்குச் சரியான அளவு தொளதொளப்பாகத் தெரியும். ஒரு நம்பர் சின்னதைப் போட்டால்தான் “பிடிக்கிறது” என்று தோன்றும். அதனால் உங்கள் பாதம் சொல்வதை நம்பாமல் கண்ணால் அளந்து வாங்குங்கள்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் நின்ற கால் அப்போது வீங்கியிருக்கும், நடையில் வீங்கும் அளவுக்கு அதுதான் நெருக்கம். போட்டு நடக்கப் போகிற அதே சாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டிலேயே ஒரு அட்டையில் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து, இரண்டு பாதத்தையும் தனித்தனியாக வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஷூவின் உள் அட்டையை உருவி, உங்கள் பாத அட்டையை அதன்மேல் வையுங்கள். பக்கவாட்டில் எங்கேயும் வெளியே நீட்டக்கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம், அதைக் கவனியுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பெரியதற்குத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும். நட்ட நடுவில் மடிந்தால் வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அமுக்கினால் நசுங்கக்கூடாது. உள்ளே கையை விட்டுத் தடவி, தையல் முடிச்சோ பசைக் கட்டியோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். கயிறு கட்டும் வகையோ ஒட்டும் பட்டை வகையோ எடுங்கள், மாலையில் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம். காலை நுழைத்ததும் அப்படியே மாட்டிக்கொள்ளும் வகையில் அது முடியாது.

பரிசோதனையில் உணர்வு குறைவு என்று வந்தால், கடை ஷூவின் உள் அட்டை போதாது. எம்.சி.ஆர். என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர். வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளின் பாதத்துக்காகப் புழக்கத்துக்கு வந்த அதே பொருள்தான் இன்று சர்க்கரைப் பாதங்களைக் காப்பாற்றுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்து, விட்டதும் மேலே வர வேண்டும். அதற்கு அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடித்தோல் இருக்க வேண்டும். பேர் மட்டும் எம்.சி.ஆர். என்று போட்டு விற்கும் சாதாரண ரப்பர் செருப்புகளும் சந்தையில் இருக்கின்றன. செருப்பாகவே போட்டுக்கொள்வதானால் பின்பட்டை உள்ளது வேண்டும், விரலிடுக்கில் வார் வருவது வேண்டாம். சாலைப் பொடிக்கல் உள்ளே புகும் என்பதால், நெடுநடைக்கு எம்.சி.ஆர். அட்டை வைத்த, உள்ளே ஆழம் கூடுதலான ஷூவைத்தான் நான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போதும். கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மறைந்துவிட்டால் சரி, மறையாவிட்டால் அந்த இடத்தில் ஷூ அழுத்துகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, கிளம்பும் முன் இரண்டு மூன்று வாரமாவது பழகியிருக்க வேண்டும். புறப்படும் அன்று புது ஷூ என்பது திருமண வீட்டுக்குச் சரி, பாதயாத்திரைக்கு ஆகாது.

சாக்ஸ்

மைத்துனரின் காட்டன் யோசனையைப் பலரும் சொல்வார்கள். சட்டைக்குக் காட்டன் நல்லது என்பதால் சாக்ஸுக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை. காட்டன் வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்று ஆகி, உராய்வு கூடி, கொப்புளிக்கும். பாலியெஸ்டரோ நைலானோ கலந்த விளையாட்டு சாக்ஸ் ஈரத்தைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கடத்திவிடும். மெல்லிய மெரினோ கம்பளி கலந்ததும் நன்றாகவே உழைக்கும், விலைதான் ஜாஸ்தி. உங்களுக்குப் பாத வியர்வை குறைந்திருக்கலாம், ஆனாலும் வெயிலும் பனியும் இருக்கின்றனவே.

இரண்டு சாக்ஸ் போடும் பழக்கத்தில் நியாயம் உண்டு. உள்ளே மெல்லியது, வெளியே கொஞ்சம் தடித்தது. உராய்வு தோலில் நடக்காமல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும். ஆனால் அதற்கு ஷூவில் இடம் இருக்க வேண்டும். கச்சிதமான எட்டாம் நம்பருக்குள் இரண்டு தடித்த காட்டன் சாக்ஸைத் திணித்தால் விரல்கள் நெரிபடும். உங்களுக்கு அடிப்பக்கம் மெத்தை வைத்த ஒரே சாக்ஸ் போதும்.

நிறம் வெள்ளையோ வெளிர் நிறமோ இருக்கட்டும். அழுக்குத் தெரியும் என்று கறுப்பு வாங்குகிறோம். உங்களுக்குத் தெரிய வேண்டியது ரத்தக் கறையும் சீழ்க் கறையும். கழற்றியதும் சாக்ஸின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது பாதத்தைப் பார்ப்பதற்கு ஈடான பரிசோதனை. விரல் நுனித் தையல் தடிப்பாக இருந்தால் உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை தைத்த சாக்ஸ் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி வேண்டும், மதியம் மாற்ற.

நண்பர் சொன்ன இறுக்கமான சாக்ஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். நரம்புச் சுருட்டலுக்குக் கொடுக்கும் அழுத்த சாக்ஸ், ரத்தம் குறைவாகப் போகும் காலில் இருக்கிற ரத்தத்தையும் தடுக்கும். சாதாரண சாக்ஸிலும் மேல் விளிம்பு எலாஸ்டிக் ஆழமாகத் தடம் பதித்தால் அது உங்களுக்கு இறுக்கம்தான்.

வழியில்

ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பாட்டில் மூடி உள்ளே கிடக்க நாள் முழுக்க நடந்துவிட்டு வருபவர்கள் எங்களிடம் வருவது உண்டு. ஒன்றரை மணிக்கொரு தடவை உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பாதத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே தசை வேகத் தொடங்கிவிட்டது. அன்றைய நடை அதோடு முடிந்தது, வண்டியில் ஏறிவிடுங்கள். அடிப்பாதத்தைப் பார்க்கக் குனிய முடியாவிட்டால் செல்போன் கேமரா இருக்கிறது.

தங்கும் இடங்களில் அன்போடு வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சுகம். உங்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியாது. வெந்து தோல் உரிந்தே வந்து சேர்ந்த பாதங்களைப் பார்த்திருக்கிறோம். சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, அடிப்பாதத்துக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் தடவாமல். கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்து விடுகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். மூடிக் கட்டிக்கொண்டு அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, காலணியோடு சம்பந்தமில்லாதது. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும், விரதம் இருந்தால் இன்னும் மோசம். அளவைக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும், சாமான் வண்டியில் அல்ல. கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் காலணியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 690 படிகள். வெறுங்காலோடு வருவதாக வேண்டிக்கொண்டது அங்கே கொஞ்சமாவது நிறைவேறும். ஆனால் பரிசோதனையில் உணர்வு குறைவு என்று வந்திருந்தால் படி வேண்டாம், வின்ச் என்கிற இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ ஏறுங்கள். எப்படிப் போனாலும் வெயில் ஏறும் முன் அதிகாலையில் போங்கள்; கருங்கல் தளம் உச்சி வெயிலில் தாருக்குச் சளைத்தது அல்ல, சாக்ஸ் மட்டும் போட்டால் அந்தச் சூடு நிற்காது. இறங்கியதும் முதல் வேலை, பாதத்தைப் பார்ப்பது.

எம்.சி.ஆர். ஷூ தேவை என்று வந்தால் அளவு கொடுத்துச் செய்து வர நாளாகும், பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். இரண்டு மாதம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள். அந்தச் செருப்புக் கதையை அங்கே மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள், அவர் இன்னும் சரியாகச் சொல்வார்.